அடுப்படியில் போட்ட பழி

வினாயகமூர்த்தி எழுதிய நோட்டீசுகளைச் சனங்கள் வாசித்தார்கள். யுத்தகாலத்து அரசாங்க நோட்டீசுகளுக்கு அந்த யோகம் இலேசில் வாய்ப்பதில்லை. மற்றக் கந்தோர்களின் கடதாசிகள் மட்டக்களப்புப் புளியந்தீவுச் சந்தையில் கருவாடு சுற்றப் போயின. இவருடையதை மட்டும் ஆட்கள் மடித்து மடியில் செருகிக்கொண்டு போய், வீட்டில் எழுத்துத் தெரிந்தவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டார்கள்.

ஆரையம்பதியில் பன்னிரண்டு வருடம் வாத்தியாராக இருந்தவர் அவர். பர்மா அரிசி நின்று, திருகோணமலையில் குண்டு விழுந்து, அரிசிக்குக் கூப்பன் வந்த வருடம் புளியந்தீவில் உணவுப் பிரசாரக் கந்தோர் என்று ஓர் அலுவலகத்தைத் திறந்தார்கள். தமிழும் இங்கிலீசும் எழுதத் தெரிந்த ஆள் தேடினார்கள். அப்போது முப்பத்தெட்டு வயதான வினாயகமூர்த்தி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எழுதுவதற்கு முன் கேட்பார். சந்தையிலும் ஓடத்துறையிலும் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையிலும் ஒன்றும் அறியாதவர்போல நிற்பார். பெண்கள் எதைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள், எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று காதில் வாங்கிக்கொள்வார். பிறகு அதே சொற்களில் எழுதுவார். மரவள்ளி நடச் சொன்னதும், விளக்கை மூடிவைக்கச் சொன்னதும் அப்படித்தான் ஊர்களில் எடுபட்டன. தன் கெட்டித்தனத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பின்னாளில் அந்தப் பெருமையை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வாயில் கசப்பு ஊறும்.

1943ஆம் ஆண்டு மாரியில், அரிசிக்குப் பதிலாகக் கொடுக்க வந்த கோதுமை மாவை வாவிக்கரைக் களஞ்சியம் ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார்கள். கூரை ஒழுகியது. இரண்டு கிழமை ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. அந்த மூட்டைகளை ஊர்ச் சங்கக்கடைகளுக்கு ஏற்றிப் போன வண்டிக்காரர் காத்தான்குடி முகைதீன்பாவா. அவர் பொழுது சாயும் நேரம் கந்தோர் வாசலில் வண்டியை நிறுத்தி, வினாயகமூர்த்தியை வெளியே கூப்பிட்டார்.

"வாத்தியார், இஞ்ச வந்து ஒருக்கா மணந்து பாருங்க."

மூட்டையின் தையலை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே மா பச்சையும் சாம்பலுமாகக் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. ஈரச்சாக்கு நாற்றத்துக்கு அடியில் வேறொரு நாற்றம், செத்த எலி கிடந்த பெட்டியைத் திறந்தது போல. வினாயகமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அள்ளக்குள்ளேயே நாறிட்டு. களஞ்சியத்தில சொன்னன். 'உன்ட வேல ஏத்துறது' எண்டு சொல்றாங்க. இது செட்டிபாளையத்துக்குப் போற மூட்டை. நீங்க கந்தோரில சொல்லுங்க."

"சொல்றன் பாவா," என்றார் வினாயகமூர்த்தி.

வீட்டுக்குப் போனதும் அவர் முதலில் செய்தது, மனைவி அன்னப்பூரணி அன்று கூப்பனுக்கு வாங்கி வைத்திருந்த மாவைத் திறந்து பார்த்ததுதான். மேலே வெள்ளையாக இருந்தது. கையை உள்ளே விட்டதும் கட்டி தட்டுப்பட்டது.

"இத வளவுக்குப் பின்னால வெட்டித் தாட்டிரு புள்ள. கோழிக்கும் போடாத."

"கட்டிய அரிச்செடுத்து வெயிலில காயப்போட்டா..."

"வேணாம். தாட்டிரு."

அன்னப்பூரணி குழி வெட்டி மாவைத் தாட்டாள். அன்றிரவு மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டார்கள்.

ஐந்தாம் நாள் செட்டிபாளையம் பக்கம் ஆட்கள் வாந்தி எடுக்கிறார்கள், சத்தியும் வயிற்றோட்டமும் என்று செய்தி வந்தது. பிறகு களுவாஞ்சிகுடிப் பக்கம். ஆட்கள் நாறிய மாவைக் கடதாசியில் பொட்டலம் கட்டிக் கந்தோருக்கே கொண்டு வந்தார்கள். மேசையில் பொட்டலங்கள் சேர்ந்தன. கந்தோர் அதிகாரி கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வினாயகமூர்த்தியைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து வந்த மனிதர் அவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்த மனிதர்.

வினாயகமூர்த்தி களஞ்சியக் கூரையைச் சொன்னார், வண்டிக்காரர் சொன்னதையும் சொன்னார்.

"எனக்கும் தெரியும்," என்றார் அதிகாரி. "மா பழுது என்று நோட்டீஸ் அடித்தால் நல்ல மாவையும் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அரிசி இல்லை. அடுத்த கப்பல் எப்போது என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு எதைக் கொடுப்பது? நீர் சொல்லும்."

வினாயகமூர்த்தி மேசையில் கிடந்த பொட்டலங்களைப் பார்த்தார்.

"பழுதான மூட்டைகளை நான் மெல்ல மெல்லத் திருப்பி எடுக்கிறேன். அதுவரை சத்தம் அடங்க வேண்டும். உமக்குத்தானே சனங்களைத் தெரியும்."

அந்தக் கடைசி வசனம்தான் அவரை விழுத்தியது. அது புகழ்ச்சியாக இருந்தது. அவர் தம்முடைய மேசைக்குப் போய்க் குந்தினார். சனங்களைத் தெரியும்தான். பட்டினியை விடப் பெண்கள் பயப்படுகிற ஒன்று இருக்கிறது என்று வரிசைகளில் நின்று கேட்டு அறிந்திருந்தார். இன்னொரு பெண் தன் அடுப்படியை எட்டிப் பார்த்து முகம் சுளிப்பது. அதைத் தொட்டால் போதும். அரைமணித்தியாலத்தில் எழுதி முடித்துவிட்டார்.

'தாய்மாரே, மாவில் குற்றமில்லை. மூடாத பானையிலும் கழுவாத அகப்பையிலுமே நோய் குடியிருக்கிறது. சுத்தமான வீட்டில் சத்தி இல்லை. முதலில் உங்கள் அடுப்படியைப் பாருங்கள்.'

நாலாயிரம் பிரதி அச்சடித்தார்கள். பத்து நாளில் முறைப்பாடு நின்றது. மேசைக்கு ஒரு பொட்டலமும் வரவில்லை. அதிகாரி வினாயகமூர்த்தியின் தோளில் தட்டி, இந்த வேலையைப் பற்றிக் கொழும்புக்கு எழுதியிருக்கிறேன் என்றார்.

முறைப்பாடு ஏன் நின்றது என்பது வினாயகமூர்த்திக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழுதாகத் தெரிய வந்தது. முகைதீன்பாவா ஒரு நாள் காளைக்கு லாடம் அடிக்க ஆரையம்பதிக்கு வந்தவர், வினாயகமூர்த்தியின் வீட்டு வளவில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"செட்டிபாளையத்தில கண்ணகை எண்டு ஒரு புள்ள. புருசன் வாவியில வலை போடுறவன். நாலு வயசுப் பொட்டப்புள்ள ஒண்டு இருந்திச்சி. மா திண்டு வயித்தாலடி. வெளியில சொன்னா அடுப்படி ஊத்தை எண்டு சொல்வாங்க எண்டு ரெண்டு நாள் கதவப் பூட்டி வச்சிக்கிட்டு இரிந்திரிக்கா. மூணாம் நாள் ஆஸ்பத்திரி அப்போதிக்கரிக்கிட்டக் கொண்டு போகக்குள்ள புள்ள வழியிலேயே மவுத்தாப் போச்சி."

வினாயகமூர்த்தி செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மறுகா ஊர் அவளத் தின்னிது. தாய்தான் புள்ளையச் சாகடிச்சிப்போட்டா எண்டு கதை. கடதாசியில அச்சடிச்சிக் கிடக்கே. புருசன் அவன்ட தாயிட வீட்ட போயிற்றான். வைகாசிச் சடங்குக்கு நெல் குத்தப் போனவள அம்மன் வாசலில வச்சித் திருப்பி அனுப்பியிருக்காளுகள்." பாவா வெற்றிலை எச்சிலைத் துப்பினார். "அந்தக் கடதாசிய எழுதினவன் எந்தத் தாயிட வயித்தில பொறந்தானோ தெரியா."

"தெரியா பாவா," என்றார் வினாயகமூர்த்தி.

பாவா வண்டியைக் கட்டிக்கொண்டு போனபின், அவர் வேலிப் பக்கம் போய்ச் சத்தி எடுத்தார். அன்னப்பூரணி எல்லாவற்றையும் குசினிக்குள் நின்று கேட்டிருந்தாள். முகம் கழுவத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். மூன்றாம் நாள்தான் கேட்டாள்.

"நம்மட வீட்டு மாவத் தாட்டிரச் சொன்னது அந்தக் கடதாசி எழுத முன்னமா, பின்னமா?"

"முன்னம்."

அதன்பின் அவள் கேட்கவில்லை. அவர் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பக்கத்தில் இருந்து பரிமாறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த வருடக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சர்வகலாசாலை மாணவருக்கும் கந்தோர் உத்தியோகத்தருக்குமாகப் 'பொதுசனத் தொடர்பு' என்று புதிதாக ஒரு வகுப்பு நடக்கிறதாம். நடத்துகிறவர் அருமைநாயகம் என்ற விரிவுரையாளர், லண்டனில் படித்துவிட்டு வந்தவர். மட்டக்களப்பு நோட்டீசை மாதிரிப் பாடமாக எடுத்திருக்கிறார்களாம். அதை எழுதியவர் நேரில் வந்து, எழுதிய விதத்தை மாணவருக்கு விளக்க வேண்டுமாம். வினாயகமூர்த்தி வரமுடியாது என்று எழுதினார். கந்தோர் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, போகும்படி உத்தரவு போட்டது.

வகுப்பறை பெரியது. மின்விசிறி சுற்றியது. நாற்பது பேர் இருந்தார்கள், எல்லாரிடமும் புதுக் கொப்பி. அருமைநாயகம் வெள்ளைக் கோட்டுப் போட்ட, இனிமையாகப் பேசுகிற மனிதர். கரும்பலகையில் ஒரு கோடு கீறியிருந்தார். இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் போகப் போக விழுந்து தரையைத் தொடுகிற கோடு.

"இது முறைப்பாடுகளின் எண்ணிக்கை," என்றார் ஆங்கிலத்தில். "இந்த இடத்தில் நோட்டீஸ் வெளிவருகிறது. பத்து நாளில் பூச்சியம். பலாத்காரம் இல்லை, பொலிஸ் இல்லை. ஒரேயொரு கடதாசி. எழுதியவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். பேச்சைச் சாக்கிலிருந்து பானைக்கு மாற்றினார். பானை யாருடையது? வாசிப்பவருடையது. தன் பானையைப் பற்றி யார் முறைப்பாடு செய்வார்?"

மாணவர்கள் சிரித்தார்கள். பென்சில்கள் ஓடின. 'சாக்கிலிருந்து பானைக்கு' என்று முன்வரிசையில் ஒருவன் எழுதி அடிக்கோடு போடுவது வினாயகமூர்த்திக்குத் தெரிந்தது. அந்தப் பழைய நாற்றம் அவருடைய மூக்குக்குள் வந்தது. தேய்த்து மெழுகிய அந்த அறையில் அதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் வந்தது.

அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே வெண்கட்டியை எடுத்தது. விழுந்து கிடந்த கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு கீறினார், மேலே ஏறுகிற கோடு.

"இது வயிற்றோட்டம்," என்றார். "முறைப்பாடு நின்ற நாளிலிருந்து இது ஏறியது. ஏனென்றால் சனங்கள் நோயை ஒளித்தார்கள். இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. ஒளித்ததை யார் எண்ணுவது? ஒன்றுமட்டும் தெரியும். நாலு வயதுப் பிள்ளை."

மாவின் கதையையும் தம் வீட்டு மாவைத் தாட்ட கதையையும் சொன்னார். கண்ணகையின் பெயரைச் சொல்லவில்லை.

பின்வரிசையில் ஒரு உத்தியோகத்தர் கையை உயர்த்தினார். "அந்தப் பிள்ளை மாவினால்தான் செத்தது என்பதற்கு அத்தாட்சி உண்டா?"

அருமைநாயகம் மெதுவாகக் குறுக்கிட்டார். "நண்பர் சொன்னது மனத்தைத் தொடுகிறது. ஆனால் அது ஒழுக்கவியல் பிரச்சினை. அதற்குத் தத்துவத்துறையில் தனி வகுப்பு இருக்கிறது. நாங்கள் இங்கே பார்ப்பது முறையை."

"அப்போது இந்த வகுப்பில் பொய் சொல்லும் முறையைப் படிப்பிக்கிறீர்கள். பொய் பிழை என்பதை அடுத்த கட்டடத்தில் படிப்பிக்கிறார்கள்," என்றார் வினாயகமூர்த்தி. "இந்த நாற்பது பேரில் கூப்பன் வரிசையில் நின்றவர் எத்தனை பேர்?"

ஒரு கையும் எழவில்லை.

"இவர்களை எங்கள் பக்கம் அனுப்புங்கள். நோட்டீஸ் எழுத முன்னம், எந்தச் சனத்துக்கு எழுதப்போகிறார்களோ அவர்கள் முகத்தைப் பார்க்கட்டும்."

அருமைநாயகம் கோபிக்கவில்லை. அன்று பின்னேரமே அவரைத் தேநீருக்கு அழைத்து, அருமையான யோசனை என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று மாதத்தில் அச்சாகி வந்த புதுப் பாடத்திட்டத்தை வினாயகமூர்த்தி பிரித்துப் பார்த்தபோது, ஏழாம் பாடம் இப்படி இருந்தது: 'கிராமத்தில் கேட்டல். முறைப்பாடு செய்பவர் தன் குறையைச் சொல்லி முடிக்க இடங்கொடுப்பதன் மூலம் அவருடைய எதிர்ப்பைத் தணிக்கும் உபாயம்.'

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். தாம் வரிசைகளில் நின்று செய்த அதே வேலை. அதற்கு இப்போது பெயரும் இலக்கமும் வைத்துவிட்டார்கள். கடதாசியைத் தொட்ட விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

1945 ஆவணியில் ஆறு மாணவர்கள் வந்தார்கள். வினாயகமூர்த்தியோடு செட்டிபாளையம் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையான பிள்ளைகள். வாவிக்கரையிலும் சங்கக்கடையிலும் நின்று சனங்கள் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதினார்கள். நாலாம் நாள் வல்லிபுரம் என்ற மாணவன் முகமெல்லாம் மலர வினாயகமூர்த்தியிடம் வந்தான்.

"சேர், இவங்கள் கேக்கிறதுக்கு ஒரு ஆள் கிடைச்சாலே பாதி ஆறிப்போறாங்கள். நேற்றுக் கத்தின ஒரு அம்மா, நான் தலையாட்டத் தலையாட்ட அடங்கிற்றா. நோட்டீசே தேவையில்லை."

அவனுடைய கண்ணில் இருந்த மினுக்கம் வினாயகமூர்த்திக்கு நன்றாகத் தெரிந்த மினுக்கம். அது ஒரு காலத்தில் அவருடைய கண்ணிலும் இருந்தது. இந்தப் பிள்ளைகளை இங்கே கூப்பிட்டது தாம்தான் என்று நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வாங்க தம்பி," என்றார். "மற்ற ஆக்களையும் கூப்பிடுங்க. ஒரு வீட்ட போவம். கொப்பிய வச்சிற்று வாங்க."

கண்ணகையின் வீடு வாவிப்பக்கம் கடைசி வீடு. அவள் முற்றத்தில் குந்திப் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இராது. ஆட்கள் வருவதைக் கண்டதும் எழும்பினாள். யார், என்ன என்று கேட்கவில்லை.

"உள்ளுக்கு வாங்க. அடுப்படியப் பாருங்க."

எவர் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவாள் என்பது பிறகு தெரிந்தது. சட்டி பானைகள் கவிழ்த்து வரிசையாக இருந்தன. மண்சட்டியின் அடிக்கரி கூடத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்து போயிருந்தது. நிலம் அன்று காலையில் மெழுகியது. அவள் கைவிரல்களில் நகங்கள் சாம்பலும் மணலும் தின்று பாதியாக இருந்தன.

"ஊத்தை இரிக்கா? நல்லாப் பாருங்க. அகப்பைய எடுத்துப் பாருங்க."

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வல்லிபுரம் பழக்கத்தில் தலையாட்டினான். ஆட்டத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

வினாயகமூர்த்தி அகப்பையை எடுக்கவில்லை. "தங்கச்சி," என்றார், "அந்தக் கடதாசிய எழுதினது நான்."

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளையும் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் முகத்தில் மாறவில்லை.

"மா பழுதெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்கட வீட்ட திண்டயளா?"

"இல்ல. தாட்டம்."

கண்ணகை குனிந்து, கவிழ்த்திருந்த சட்டி ஒன்றை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்பவும் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? என்ட அடுப்படி எனக்குத் தெரியும். கூப்பன் குடுக்கிற நாளைக்குச் சங்கக்கடையில வந்து சொல்லுங்க. என்ட பேரச் சொல்லிச் சொல்லுங்க. புள்ளையிட பேர் புஸ்பம். அதையும் சொல்லுங்க."

மன்னிப்பு என்ற சொல் வினாயகமூர்த்தியின் தொண்டை வரை வந்தது. அதை அங்கே வைப்பது இன்னொரு ஊத்தையாக இருக்கும் என்று பட்டது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

கூப்பன் நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் பகல் முழுதும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, எழுதியதை அடித்து அடித்து எழுதினார். கடைசியில் பன்னிரண்டு வரி நின்றது. மா நனைந்தது, நாறியது, கந்தோருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அடுப்படிகளில் குற்றமில்லை, கண்ணகையின் அடுப்படியிலும் இல்லை, புஸ்பம் என்ற பிள்ளை அந்த மாவைச் சாப்பிட்டு வருந்தி இறந்தது, பழைய நோட்டீசையும் இதையும் எழுதியவன் ஆரையம்பதி வினாயகமூர்த்தி. முகைதீன்பாவாவைக் கூப்பிட்டு, முதலில் அவருக்கு வாசித்துக் காட்டினார். பாவா கேட்டு முடித்துவிட்டுக் காளையின் கழுத்தைத் தடவினார்.

"அண்டைக்குத் தெரியா எண்டீங்க வாத்தியார்."

"ஓம். பொய்."

"நாளைக்கு வண்டி கொண்டு வாறன். ஆனா நான் உங்களோட கதைக்கமாட்டன்."

சொன்னபடியே வந்தார். கதைக்கவில்லை.

சங்கக்கடை முன்னால் நூறு பேர்வரை நின்றார்கள். வினாயகமூர்த்தி வண்டியில் ஏறி நின்று வாசித்தார். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கந்தோரிலிருந்து வந்த ஆள் கந்தோரைக் குறைசொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். அப்போது வரிசை கலைந்தது.

"அப்ப என்ட மாமி செத்ததும் அதாலயா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரியா," என்றார் அவர்.

"தெரியாட்டி என்னத்துக்கு வந்த நீ?"

ஒரு கிழவர் வண்டிச் சில்லில் காலை வைத்து ஏறி, அவர் கையில் இருந்த கடதாசியைப் பிடுங்கி அதில் காறித் துப்பி, திரும்ப அவர் கையிலேயே கொடுத்தார். வினாயகமூர்த்தி வாங்கிக்கொண்டார். கண்ணகையைப் பற்றி வாய்நிறையப் பேசின பெண்கள் சிலர் அந்த வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியும் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாப் பழியையும் வண்டியில் நின்றவர் தலையில் போட்டுவிட்டு, கூப்பனைக் காட்டி மாவை வாங்கிக்கொண்டு போனார்கள். அது அவருக்குத் தெரிந்தது. அதையும் இவர்களுக்குச் செய்து கொடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கண்ணகை வரிசைக் கடைசியில் நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் தன்னுடைய மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வைகாசியில் சடங்குக்கு நெல் குத்த வரும்படி அவளைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். அவள் போகவில்லை. புருசன் திரும்பி வந்தான். அவனை முற்றத்தில் வைத்துச் சோறு போட்டாள், அடுப்படிக்குள் விடவில்லை என்று சொன்னார்கள்.

கந்தோர் வினாயகமூர்த்தியைத் திங்கட்கிழமையே நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடமும் எடுக்க மறுத்தது. புளியந்தீவில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மேசை போட்டுச் சனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு மனுவையும் சொன்னவருக்கு உரத்து வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குவார். இதனால் அவரிடம் வேலை சுணங்கும். ஆட்கள் பொறுமையில்லாமல் பக்கத்து மேசைக்குப் போவதும் உண்டு.

அப்படியிருக்கும்போது அருமைநாயகம் ஒரு நாள் நேரே அந்த மேசைக்கு வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு வெயிலில் கசங்கியிருந்தது. கையில் வல்லிபுரம் எழுதிய அறிக்கை. முப்பது பக்கம். சங்கக்கடையில் நடந்ததை ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டு, ஏழாம் பாடத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான்: நாங்கள் கேட்கவில்லை, கேட்பதுபோல நடித்தோம்.

"இந்தப் பிள்ளைக்கு நான் புள்ளி போடவில்லை. எப்படிப் போடுவதென்று தெரியவில்லை," என்றார் அருமைநாயகம். "பாடத்தைத் திருத்த வேண்டும். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்."

வினாயகமூர்த்திக்கு அவர்மேல் இருந்த அருவருப்பு போய்விடவில்லை. ஆனாலும் வாங்குப் பலகையில் இடம்விட்டு இருக்கச் சொன்னார். இருவரும் பின்னேரம்வரை பேசினார்கள். வினாயகமூர்த்தி இரண்டே இரண்டு காரியம் கேட்டார். வகுப்பில் எழுதுகிற எந்த நோட்டீசிலும் எழுதியவன் தன் முழுப் பெயரையும் ஊரையும் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து அவன் அந்த நோட்டீஸ் ஒட்டிய ஊருக்குத் தனியாகப் போய், சனங்கள் முன்னால் தன் பெயரைச் சொல்லி நிற்க வேண்டும். அங்கே நின்று கேட்டதை எழுதிக்கொண்டு வந்தால்தான் புள்ளி.

"உத்தியோகத்தர்கள் ஒப்பமாட்டார்கள்," என்றார் அருமைநாயகம்.

"ஒப்பாதவங்க வேற வகுப்புக்குப் போகட்டும்."

அருமைநாயகம் போய் எட்டு மாதம் ஒரு பதிலும் இல்லை. மேலே இருந்தவர்களோடு அவர் மல்லுக்கட்டியதைப் பிறகு வல்லிபுரம் எழுதித்தான் தெரியும். முதலாவதை முழுதாக ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதில், ஊருக்குப் போவது மாணவர்களுக்குக் கட்டாயம், உத்தியோகத்தர்களுக்கு விருப்பம் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய நோட்டீஸ் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதன் எதிர்ப்பக்கத்தில் சங்கக்கடையில் வாசித்த பன்னிரண்டு வரியும் அச்சாகியது. கோடு கீறிய படத்தை எடுத்துவிட்டார்கள்.

வருடம் ஒரு தரம் வினாயகமூர்த்தியைப் பேசக் கூப்பிட்டார்கள். போனார். ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய நோட்டீசைத் தாமே தம் பெயர் சொல்லி வாசிக்க வேண்டியிருந்தது. 'தாய்மாரே' என்று தொடங்கும்போது நாக்கு தடிக்கும். வாசித்து முடித்தபின் வெளியே போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்துதான் பாடத்தைத் தொடர்வார். மாணவர்கள் அதை ஏதோ பழைய வாத்தியார் வழக்கம் என்று நினைத்தார்கள்.

1948இல் அவர் அப்படிப் போய்விட்டு வந்த நாள், அன்னப்பூரணி சோற்றைப் போட்டாள். அன்றைக்கு மூடி வைத்துவிட்டுப் போகாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"வகுப்பு இப்ப திருந்திற்றா?"

"முன்னம் நாப்பது பேர் இருந்தாங்க. பேர் போட்டு எழுதச் சொன்னதும் ஒவ்வொருத்தராக் கழண்டு போயிற்றாங்க. இப்ப பதினாலு."

"பதினாலு பேரும் நல்லாப் படிக்கிறாங்களா?"

சிலர் தங்கள் பெயரை எறும்பு அளவில் மூலையில் எழுதுவதும், ஊருக்குப் போகாமலே போனதாக எழுதிக்கொண்டு வருவதும் அவருக்குத் தெரியும்.

"ரெண்டு பேர் உருப்படுவாங்க போல இரிக்கி," என்றார்.

அன்னப்பூரணி கறிச்சட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.